அக்டோபர் 2: காலையில் மாலை, அப்புறம் கணக்கு

அக்டோபர் 2 காலையில் தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு காந்தி சிலையோ படமோ கழுவித் துடைத்து நிற்கும். ஒரு மாலை, நாலு வார்த்தைப் பேச்சு, பிள்ளைகளுக்கு மிட்டாய். அதே நாளில் அதே ஊரில், ஊராட்சி அலுவலகத்தின் முன்னாலோ மரத்தடியிலோ கிராமசபை கூடும். ஊருக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று அங்கே வாசிக்க வேண்டும். நான் பார்த்த வரையில் மாலை போட வருகிறவர்களில் பாதிப் பேர்கூடக் கணக்குக் கேட்க உட்காருவதில்லை.

அதே தேதியோடு இன்னும் இரண்டு பேரும் சேர்ந்திருக்கிறார்கள். லால் பகதூர் சாஸ்திரி பிறந்தது 1904 அக்டோபர் 2. காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2. மூன்று பேருமே பொதுப் பணத்தைக் கையில் வைத்திருந்தும் அதைத் தன் பணமாக நினைக்காதவர்கள் என்றுதான் ஊர் அவர்களை நினைவு வைத்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்த காமராஜர் சென்னையில் கடைசிவரை குடியிருந்தது வாடகை வீட்டில். அப்படிப்பட்டவர்களுக்கு மாலை போட்டுவிட்டுக் கணக்கு வாசிக்கும் இடத்துக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினால், அவர்களைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல, ஊழல் என்றால் என்ன என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

ஊழல் என்றால் எது?

லஞ்சம் வாங்குவதுதான் ஊழல் என்று பெரும்பாலும் நினைக்கிறோம். லஞ்சம் அதில் ஒரு வகை, அவ்வளவுதான். ஒரு பதவி என்பது ஊர் மக்கள் ஒருவரிடம் நம்பி ஒப்படைத்த பொருள். கையெழுத்துப் போடும் உரிமை, டெண்டர் கொடுக்கும் உரிமை, பயனாளிகள் பட்டியலில் பெயர் சேர்க்கும் உரிமை எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த உரிமையைத் தனக்காகவோ தன்னைச் சேர்ந்தவர்களுக்காகவோ திருப்பிக்கொள்ளும் எதுவும் ஊழல்தான். 1962-இல் மத்திய அரசு அமைத்த ஊழல் தடுப்புக் குழுவும் ஏறக்குறைய இந்தக் கருத்தைத்தான் சொன்னது. பதவியோடு வருகிற அதிகாரத்தையும் செல்வாக்கையும் முறைகேடாக, சுயநலத்துக்காகப் பயன்படுத்துவது என்று அது விரிவாகப் பொருள் கொண்டது. அந்தக் குழுவின் தலைவர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கே. சந்தானம். குழுவை அமைத்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் சாஸ்திரி. குழுவின் பரிந்துரையில்தான் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. தமிழ்நாட்டில் நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்று சொல்லும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கியதும் அதே 1964-இல்தான்.

ஆகவே சான்றிதழுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்பதும் ஊழல், போடாத சாலைக்கு பில் போடுவதும் ஊழல், மைத்துனர் பெயரில் கான்ட்ராக்ட் எடுப்பதும் ஊழல். மாமூல், கமிஷன், கட்டிங், அன்பளிப்பு என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இதில் அன்பளிப்பு என்ற சொல்தான் ரொம்ப நுட்பமானது. கொடுப்பவரும் வாங்குபவரும் மனம் உறுத்தாமல் சிரித்துக்கொண்டே செய்ய அது இடம் கொடுக்கிறது.

ஒரு கழுத்துச் சங்கிலியின் கதை

அன்பளிப்பு என்றதும் எனக்கு 1901-ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து காந்தி குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கிளம்புகிறார். அங்கிருந்த இந்தியர்கள் பிரிவு உபசாரம் நடத்தி, பரிசுகளைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். தங்கச் சங்கிலிகள், கடிகாரங்கள், வைர மோதிரங்கள். கஸ்தூரிபாவுக்கென்று தனியாக ஒரு தங்கக் கழுத்துச் சங்கிலி, அந்தக் காலத்தில் ஐம்பது கினி மதிப்பு. யாரும் காரியம் ஆகவேண்டும் என்று கொடுத்ததல்ல, அன்பாகக் கொடுத்ததுதான்.

அன்றிரவு காந்திக்குத் தூக்கம் வரவில்லை, அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். இந்த மக்களுக்குச் செய்த வேலைக்குக் கூலி வாங்கக் கூடாது என்று இருந்தவர் அவர். அப்படியானால் இந்த நகைகள் என்ன? விடிவதற்குள், நகைகள் எல்லாவற்றையும் சமூகத்தின் பொதுவுக்கு ஒப்படைத்து ஓர் அறக்கட்டளைக் கடிதத்தையே எழுதிவிட்டார்.

பிள்ளைகள் உடனே ஒத்துக்கொண்டார்கள். கஸ்தூரிபா ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு வேண்டாமலிருக்கலாம், நாளைக்கு வரப்போகிற மருமகள்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். இந்தச் சங்கிலி உன் சேவைக்கா என் சேவைக்கா வந்தது என்று காந்தி திருப்பிக் கேட்டபோது, உங்கள் சேவையும் என் சேவையும் ஒன்றுதான், ராப்பகலாக உங்களுக்காக உழைத்தேனே, அது சேவை இல்லையா என்றார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அவர் பட்ட பாட்டுக்கு எவரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனாலும் நகைகள் வங்கிக்குப் போயின, பொதுக் காரியத்துக்கென்று.

இந்தக் கதையை நான் இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. இன்றைய ஊழல் தடுப்புச் சட்டம் அந்தச் சங்கிலியைச் சுற்றி நடந்த வாக்குவாதத்தின் சட்ட வடிவம் மாதிரியே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 2018-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதில் மையமான சொல் ‘முறையற்ற ஆதாயம்’. சட்டப்படி கிடைக்கிற சம்பளத்துக்கு மேல் எது வந்தாலும் அது ஆதாயம்தான், பணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தனக்கு வாங்கினாலும் சரி, வேறொருவருக்காக வாங்கினாலும் சரி. ‘என் மனைவிக்குத்தான் கொடுத்தார்கள்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

சட்டம் சொல்லும் ‘பொது ஊழியர்’ என்ற வட்டமும் பெரியது. அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, தாசில்தார், ஊராட்சித் தலைவர், அரசு வங்கி அலுவலர் எல்லோரும் அதற்குள் வருவார்கள். லஞ்சம் வாங்கிய குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்தால் 4 முதல் 10 ஆண்டு.

கொடுப்பவரின் நிலைமைதான் பலருக்குத் தெரியாது. இப்போது கொடுப்பதும் குற்றம், அதற்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. வேறு வழியில்லாமல், கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால், 7 நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ புகார் செய்துவிட வேண்டும். அப்படிச் செய்தவரைச் சட்டம் குற்றவாளியாகப் பார்க்காது. கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்லிவிட்டுக் கொடுத்தாலும் குற்றம் இல்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அது இந்த வழியில்தான் நடக்கிறது.

அது எப்படி என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். புகார் கொடுத்தவர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார்கள். நோட்டுகளின் மேல் பினாப்தலீன் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். பார்த்தால் தெரியாது. அரசு ஊழியர்களே இரண்டு பேர் சாட்சிகளாக உடன் இருப்பார்கள். கேட்ட ஆள் பணத்தைக் கையில் வாங்கியதும் குறிப்புக் காட்ட வேண்டும். அதிகாரிகள் உள்ளே வந்து, அவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொல்வார்கள். நிறமில்லாத தண்ணீர் ரோஜா நிறமாக மாறும். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

தண்ணீர் நிறம் மாறினால் மட்டும் வழக்கு வென்றுவிடாது. அந்த ஆள் பணம் கேட்டார், பிறகு வாங்கினார் என்ற இரண்டும் நிரூபிக்கப்பட வேண்டும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது புகார்தாரர் இறந்துபோவதும், பிறழ்சாட்சியாக மாறுவதும் நடக்கும். அப்போதும் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்தே பணம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. பயந்து பின்வாங்கிய சாட்சிகளால் விழுந்துபோன வழக்குகளை நினைத்தால், அது எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும்.

தன் சட்டைப்பையில் விழாவிட்டாலும்

பணம் வாங்காதவருக்கு ஊழலில் பொறுப்பே இல்லையா? இதற்கு இரண்டு பழைய சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அரியலூர். 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பாதிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி பதவி விலகினார். அவர் ரயில் ஓட்டவில்லை, பாலம் கட்டவில்லை. ஆனாலும் துறை என் பொறுப்பில் இருக்கிறது, அதில் நடப்பதற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். இது ஊழல் சம்பவம் இல்லைதான். ஆனால் பொறுப்பேற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அடுத்த ஆண்டே வெடித்த முந்த்ரா விவகாரம். மக்கள் கட்டிய பிரீமியப் பணத்திலிருந்து எல்.ஐ.சி. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல் எடுத்து, ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கியது. முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்கவில்லை. எல்.ஐ.சி. தொடங்கி அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் இதை எழுப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. ஆளும் காங்கிரஸின் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி. நீதிபதி எம்.சி. சாக்ளாவின் விசாரணை மக்கள் முன்னால் வெளிப்படையாக நடந்து 24 நாளில் முடிந்தது. அமைச்சர் தன் செயலாளரின் செயலுக்குப் பொறுப்பேற்றே ஆகவேண்டும் என்றார் சாக்ளா. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

இந்த விவகாரத்தில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஃபெரோஸ் காந்தியைத்தான். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? நம் கட்சி, நம் சாதி, நம் சொந்தம் என்ற இடத்தில்தான் கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. எதிர்க்கட்சி ஊழலைப் பேச எல்லோராலும் முடியும்.

போற்றலாம், கும்பிட வேண்டாம்

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய கடைசிப் பேருரையில் இதைப் பற்றிய ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க நாட்டுக்கு உழைத்த பெரியவர்களுக்கு நன்றி செலுத்துவதில் தவறே இல்லை, ஆனால் நன்றிக்கும் ஓர் எல்லை உண்டு என்றார். மதத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாக இருக்கலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோய் விடும் என்பது அவர் கருத்து.

தலைவரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு வ.உ.சி.யும் காந்தியும் எழுதிக்கொண்ட கடிதங்களைச் சொல்வேன். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் வ.உ.சி. சிறையில் செக்கிழுத்து, 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. அவருடைய கஷ்டத்தைக் கேள்விப்பட்டுத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டிக் காந்தி வழியாகக் கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பணம் வ.உ.சி.யின் கைக்கு வந்துசேரவில்லை. 1915-இல் காந்தியே அதைப் பற்றி விசாரித்து எழுதியபோதுதான் பேச்சு தொடங்கியது. அப்புறம் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. வ.உ.சி. தன் வறுமையை மறைக்கவில்லை, மரியாதையிலும் குறை வைக்கவில்லை, கேட்பதையும் விடவில்லை. 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா அவருக்கு வந்துசேர்ந்தது.

இதில் காந்தியைக் குறை சொல்லிச் சிறுமைப்படுத்த ஒன்றும் இல்லை, மறைத்துப் பேசவும் ஒன்றும் இல்லை. அந்த ரூபாய்க்கு அணா சுத்தமாகக் கணக்கு இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காந்தி நேட்டாலில் நடத்திய இந்தியர் காங்கிரஸில் வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்தவர். கணக்கு ஒழுங்காக இல்லாத அமைப்பு கெட்ட பெயர் எடுத்துவிடும் என்று எழுதியவரும் அவரே.

கணக்கை எங்கே, எப்படிக் கேட்பது?

1990-களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு செய்தது ரொம்ப எளிமையான காரியம். பஞ்சாயத்தின் வேலை வருகைப் பதிவேட்டையும் பில்லையும் எப்படியோ வாங்கி, ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். கூலி வாங்கியதாக எழுதியிருந்த பெயர்களில் செத்துப்போனவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். கட்டாத கட்டடத்துக்குச் செலவு எழுதியிருந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதுதான் அவர்களின் முழக்கம். அந்தப் போராட்டம் பெரிதாகி, 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 1997-லேயே தனியாக இப்படி ஒரு சட்டம் இயற்றிய மாநிலம்.

மனு எழுதுவது சுலபம். 10 ரூபாய்க் கட்டணம், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

புதிதாக எழுதுபவர்கள் தவறுவது கேள்வியில்தான். ‘ஏன் எங்கள் தெருவில் தரமில்லாத சாலை போட்டீர்கள்?’ என்று எழுதினால் பதில் வராது. சட்டம் கொடுப்பது ஆவணத்தைப் பார்க்கும் உரிமையை, விளக்கம் கேட்கும் உரிமையை அல்ல. அதனால் இப்படிக் கேளுங்கள்: இந்தத் தெருச் சாலைக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், எம்-புக் நகல், கடைசி பில்லின் நகல். எம்-புக் என்பது பொறியாளர் நேரில் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். அதில் சாலை எத்தனை மீட்டர் நீளம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று இருக்கும். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தால் போதும். போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுத்துக்கொள்ளவும் அதே சட்டம் உரிமை தருகிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

சரி, மனுகூட வேண்டாம் என்றால் கிராமசபை இருக்கவே இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாருடைய அழைப்பும் வேண்டியதில்லை. அங்கே தலைவர், ஊராட்சிச் செயலர், ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க வரும் அலுவலரான பற்றாளர் ஆகியோர் இருப்பார்கள். ‘படிவம் 30’-ஐக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஊராட்சியின் வரவு செலவு அதில் தலைப்புவாரியாக இருக்கும். தெருவிளக்குக்கு இவ்வளவு, குடிநீர் மோட்டார் பழுதுபார்க்க இவ்வளவு என்று வாசிக்கும்போது, மோட்டார் எத்தனை தடவை பழுதானது என்பது தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கு எந்த அதிகாரியைவிடவும் நன்றாகத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, அந்த மோட்டார் ஆடியில் ஒரு தடவைதான் ரிப்பேர் ஆச்சு, மூணு பில் எப்படி வந்துச்சு என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. செயலர் நோட்டைப் புரட்டிய அந்த ஐந்து நிமிடம் அங்கே எவரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் பில் நகல்களை மேசை மேல் வைத்திருந்தார்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. வருகைப் பதிவுக்குக் கையெழுத்துக் கேட்பார்கள், போடலாம். ஆனால் தீர்மானப் பதிவேட்டில், தீர்மானங்களை எழுதி உரக்க வாசித்து முடித்த பிறகுதான் போடுங்கள். நடுவில் வெற்றிடம் விட்டிருந்தால், கடைசித் தீர்மானத்துக்குக் கீழே ஒரு கோடு இழுக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கோட்டுக்கு ஒட்டியே உங்கள் பெயரை எழுதுங்கள்.